கைவேகம் மட்டும்தான் வித்தையா?

கேள்வி: “பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம் இருக்கிறோம். மகள் மூன்று வருஷமாக மிருதங்கம் கற்கிறாள். கல்பாத்தித் தேர்சமயக் கச்சேரிகளுக்குப் போகிறோம், சுற்றுவட்டாரக் கோயில்களில் செண்டையில் கொட்டும் தாயம்பகையும் கேட்கிறோம். இரண்டிலும் வேகம் ஏறிய பிறகுதான் கூட்டம் கைதட்டுகிறது. ‘அசாத்தியக் கை’ என்று சொல்வது அந்த வேகத்தைத்தானா? வேறு எதைக் கேட்க வேண்டும்? மகளை எந்த வழியில் சாதகம் (அன்றாடப் பயிற்சி) செய்யச் சொல்வது?”

பதில்:

வேகமும் வித்தையில் சேர்த்திதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘வெறும் சர்க்கஸ்’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் எந்தச் சபையிலும் நாலு பேர் இருப்பார்கள். அந்த வேகத்தில் என்ன சொல் (தோலில் கை எழுப்பும் ஒவ்வோர் ஒலிக்கும் அதுதான் பெயர்) போகிறது என்பது அவர்களில் பலருக்குக் காதில் விழுந்தே இருக்காது. எட்டு எண்ணிக்கைச் சுற்றான ஆதி தாளத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கையை நாலாகப் பிரிக்கும் சதுஸ்ர நடையில் விநாடிக்கு 4 சொல். அதன் இரட்டிப்பான மேல்காலம் 8. காலப்பிரமாணத்தை, அதாவது தாளம் போகும் வேகத்தை, நிமிஷத்துக்கு 75 எண்ணிக்கை என்று சற்று ஏற்றினால் அதே மேல்காலம் விநாடிக்கு 10 சொல் ஆகிவிடும். விநாடிக்குப் பத்துத் தனித்தனி ஒலியை விரல்களால் எழுப்புவது வருஷக்கணக்கான சாதகம் இல்லாமல் நடக்காது. அதற்குக் கைதட்டலாம், தப்பில்லை.

ஆனால் கைக்கு வரும் நெருக்கடிகள் பல. வேகம் அதில் ஒன்று. மிகவும் மெதுவான காலம் ஒரு நெருக்கடி. சத்தத்தை அடக்கி வாசிப்பது ஒன்று. ஒரு மணி நேரம் தாண்டிய களைப்பு ஒன்று. பாடுகிறவரோ தாளம் போடுகிறவரோ ஓட ஆரம்பிப்பது ஒன்று. கச்சேரி நடுவில் தோலின் சுருதி இறங்குவதோ ஏறுவதோ இன்னொன்று. இத்தனையிலும் ‘நம்’ என்ற சொல் நம்மாகவும் ‘தின்’ என்ற சொல் தின்னாகவும் பிரிந்து கேட்டால் அதை அசாத்தியக் கை என்று தயங்காமல் சொல்லலாம். வேகத்தில் மட்டும் தேறி மற்ற இடங்களில் கலங்கிப்போகும் கை நல்ல கைதான், பாதிவழி வந்த கை. வேகம் எந்தக் காதுக்கும் எட்டுகிற நெருக்கடி என்பதால் கைதட்டல் அங்கேயே விழுகிறது. மற்றவற்றைக் கேட்பதற்குக் காதைக் கொஞ்சம் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வேகத்தையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குள்ளேயே ஏமாற்று நிறைய.

மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலக்கை படும் தோலில், நடுவில் கறுப்பாக இருப்பது கரணை. சோற்றோடு கல்பொடி சேர்த்து இழைத்துப் படலம் படலமாகப் பூசியது. வெளி விளிம்பில் வளையமாக ஓடும் மேல்தோல் மீட்டு. ஆள்காட்டி விரல் மீட்டில் விழ, மோதிர விரல் நுனி கரணை ஓரத்தில் பட்டும் படாமலும் நிற்க வருவது ‘நம்’. அந்த மோதிர விரல் கொஞ்சம் அழுந்தினால் ஒலி செத்துவிடும். அறவே விலகினால் சுருதி நிற்காமல் சிதறும். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் கூடிக் கரணை நடுவில் விழுந்து ஒட்டிக்கொள்வது மூடிய சொல். சுண்டுவிரல் பக்கமாக விழுந்து உடனே விலக, திறந்து முழங்குவது சாப்பு. பாணிக்குப் பாணி சொற்களின் பெயரும் விரலும் சற்று மாறும். மூடினது, திறந்தது, சுருதியில் நிற்பது என்ற இந்த மூன்று வகையும் எல்லாப் பாணிக்கும் பொது.

வேகமான ஓட்டத்தில், ‘தரிகிடதக’ மாதிரிக் கோவைகளில், மூன்று விரல் கூட்டமும் தனி ஆள்காட்டி விரலும் மாறி மாறி விழ வேண்டியிருக்கும். அங்கேதான் சிக்கல். மூன்று விரலின் கனம் ஓர் ஒற்றை விரலுக்குக் கிடையாது. வேகம் ஏற ஏற ஆள்காட்டி விரல் தோலைவிட்டு எழும்பாமல் மேலே உரசிக்கொண்டு மட்டும் போகும். ‘த’வும் ‘கி’யும் கேட்கும், ‘ரி’யும் ‘ட’வும் மறைந்துபோகும். விநாடிக்குப் பத்துச் சொல் என்று கை அசைகிறது. காதில் விழுவது ஐந்து. மைக், எதிரொலி, இடக்கைத் தோலான இடந்தலையின் நீண்டு ஒலிக்கும் கார்வை எல்லாம் சேர்ந்து இடையில் இருக்கும் ஓட்டையை அடைத்துவிடும். வலக்கை கலங்குகிற இடங்களில் இடந்தலையின் ‘தொம்’மைத் தாராளமாக முழங்கவிட்டு மூடி மறைப்பது ரொம்பப் பழைய உபாயம். ஆகவே வேகம் வரும்போது ‘த’வைக் கேட்காதீர்கள், ‘ரி’யைக் கேளுங்கள். நாலில் இரண்டாவது சொல்லும் நாலாவது சொல்லும் முதலாவதுக்குச் சமமாக வருகிறதா என்று பத்து விநாடி கவனித்தால் போதும், அந்தக் கை எந்தத் தரம் என்று தெரிந்துவிடும்.

இதற்கு ஏற்ற சாதகம் ஒன்று சொல்கிறேன், மகளுக்கு இப்போதே ஆகும். ‘தரிகிட’ என்ற நாலு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். நிமிஷத்துக்கு 60 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஒரு சொல்லாக 2 நிமிஷம், பிறகு 2 சொல்லாக 2 நிமிஷம், 4 சொல்லாக 2 நிமிஷம், 8 முடிந்தால் 1 நிமிஷம். அங்கே நிறுத்தாமல் அதே படியில் கீழே இறங்கி, மறுபடியும் எண்ணிக்கைக்கு ஒரு சொல் வரை வர வேண்டும். ஏறும்போது உற்சாகமே கையைத் தூக்கிவிடும். இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்: 8-இலிருந்து 4-க்கு வந்ததும் கை முன்னோக்கி இடிக்கும், ஒன்றுக்கு வருவதற்குள் காலம் நிமிஷத்துக்கு 64, 66 என்று ஏறியிருக்கும். இரண்டாவது வாரம் இதையே அழுத்தத்தை மாற்றி வாசிக்கட்டும். முதல் சொல்லில் இருந்த அழுத்தத்தை ‘ரி’யில் போடுவது, மறுநாள் ‘ட’வில் போடுவது. பலவீனமான விரலுக்குக் கனம் அப்படித்தான் ஏறும். ஒட்டுமொத்தமாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு போனால் பலமான விரல்தான் இன்னும் பலமாகும்.

முன்னங்கை கட்டைபோல் இறுகி, தோள் காதை நோக்கி ஏறினால் அன்றைக்கு அந்த வேகம் போதும். இறுக்கத்தோடு வாசித்துப் பழகிய வேகம் பின்னால் அவிழாது. விரல்முட்டியிலோ மணிக்கட்டிலோ வலி வந்தும் ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்று தொடர்வதைச் சாதகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செண்டை கற்கிறவர்கள் புளியங்கட்டையில் செய்த கனத்த கோலால் கல்லிலும் மரத்திலும் விடியற்காலையில் மணிக்கணக்கில் கொட்டிப் பழகுவார்கள். மலையாளத்தில் அதற்கு அசுரசாதகம் என்றே பெயர். கோல் பிடித்து மணிக்கட்டால் கொட்டும் வாத்தியத்துக்கு அது சரி. கனத்த கோலில் பழகிய மணிக்கட்டுக்குச் செண்டைக்கோல் பூவாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மிருதங்கப் பிள்ளைகள் மேஜையில் விரலால் ஓங்கி அடித்துப் பழகுவது வேண்டாத வேலை. மேஜையில் கணக்கு வரும், நாதம் வராது. விரல்முட்டி கெடுவதுதான் மிச்சம்.

இனி மெதுவான காலம். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கேட்கக் கிடைத்திருக்கும் வசதி வேறு எங்கும் இல்லை. செண்டைகள் கூட்டமாகக் கொட்டும் பஞ்சாரி மேளத்துக்கு ஐந்து காலம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள அலகு); அடுத்தடுத்து 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகச் சுருங்கும். கோயில் வாத்தியக் குழுவான பஞ்சவாத்தியத்தின் திரிபுடை தாளத்தில் பதிகாலம் (மெதுவான தொடக்கக் காலம்) 896 அட்சரத்தில் தொடங்குகிறது. பாதி பாதியாக இறங்கி 7 வரை வரும். கூட்டம் கையை மேலே வீசி ஆடுவது கடைசிச் சுற்றுகளில். வித்தையின் பாரம் முழுக்க முதல் சுற்றில். நூறு பேருக்கு மேல் நிற்கும் மேளத்தில், கடைசி வரிசையில் கைத்தாளமான இலத்தாளம் போடுகிறவர் வரை எல்லோரும் அந்த நீண்ட சுற்றை ஒரே நடையில் சுமக்க வேண்டும். ஆளாளுக்கு மயிரிழை முந்தினால் கொட்டு நீண்டு, ஒரே அடி நாலு அடியாகச் சிதறிக் கேட்கும். முதல் காலம் குலைந்துவிட்டால் பின்னால் வரும் வேகம் கூச்சலாகத்தான் முடியும்.

மெதுவில் ஏன் இவ்வளவு கஷ்டம்? இரண்டு அடிக்கு நடுவில் இடைவெளி கால் விநாடியாக இருந்தால் உடம்பே அதை அளந்துகொள்ளும். இரண்டு விநாடி ஆகும்போது உடம்பால் அளக்க முடியாது, மனசு எண்ண வேண்டும். மனசு அவசரப்படும். அந்த இடைவெளியை நிரப்பத் தோல் வாத்தியத்தில் எதுவும் கிடையாது. வீணையில் தந்தி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும். வயலினில் வில்லை இழுத்துக்கொண்டே போகலாம். மிருதங்கத்தின் ‘நம்’ முக்கால் வழியிலேயே அடங்கிவிடும். மிச்சம் வெறும் வெளி. கை தேறாதவர் அங்கே இரண்டு சொல்லைப் போட்டு ரொப்பிவிடுவார். பாலக்காட்டு மஞ்சப்பரையில் பிறந்த எம்.டி.ராமநாதன் கீழ்ச்சுருதியில், அத்தனை சவுக்கமாக, அதாவது மெதுவாக, பாடினவர். அவர் பாட்டின் ஒலிப்பதிவுகளைப் பாட்டுக்காக மட்டும் கேட்காமல், பக்கத்தில் வாசிக்கிறவர் அந்த வெளியை என்ன செய்கிறார் என்பதற்காகவும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தொண்டைக்கும் இதே கதைதான்: வேகச் சுரக்கோவையான பிருகா உருள்வதைக் கேட்டு வியக்கிறோம், அசையாமல் ஒரே சுரத்தில் நிற்கும் நீண்ட கார்வை அதைவிடச் சிரமம் என்று பாடுகிறவருக்குத் தெரியும்.

தாயம்பகையையும் இந்தக் காதோடு கேட்கலாம். பதிகாலத்தில் தொடங்கி, அடந்தை, சம்பை, பஞ்சாரி என்ற தாளங்களில் ஒன்றைக் கூறாக (பகுதியாக) எடுத்து, இடைநிலைகளைத் தாண்டி மிக வேகமான இரிகிடையில் முடியும். மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். தாயம்பகைக்காரருக்கு வலது கையில் கோல், இடது கை வெறுங்கை. கோல் அடியும் உள்ளங்கை அடியும் இயல்பிலேயே வேறு வேறு கனம். பதிகாலத்தில் இடதுகைச் சொல் வலதுகைச் சொல்லுக்குச் சமமாகப் பேசுகிறதா என்று பாருங்கள். கூறு மாறும் இடத்தில் தாளம் போடுகிறவர்கள் இடறுகிறார்களா, அல்லது மாறியதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். இரிகிடையில் கூட்டம் எழுந்து நிற்கும்போது தாளக்காரர்கள் முன்னால் ஓடுவார்கள், அது எங்கும் நடப்பது. அவர்கள் ஓட்டத்தோடு தானும் ஓடிவிடுபவர் ஒரு ரகம். இரண்டு சுற்றுக்குள் தன் கொட்டாலேயே அவர்களைப் பிடித்து நிறுத்துபவர் இன்னொரு ரகம். இரண்டாமவரைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்தது சத்தத்தை அடக்குவது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பது என் தீர்மானம். வேகத்துக்கு விரல் எழும்ப வேண்டும். மெல்லிய சத்தத்துக்கு எழும்பக் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் விரலுக்குக் கிடைக்கும் இடம் அரை அங்குலம்கூட இருக்காது. அந்த அரை அங்குலத்துக்குள் மூடினது, திறந்தது, சுருதியில் நிற்பது என்ற மூன்று வகையும் வேறாகக் கேட்க வேண்டும். சுமாரான கையில் சத்தம் குறைந்ததும் எல்லாச் சொல்லும் ஒரே ‘டக்டக்’ ஆகிவிடும். வீணைக் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதைக் கேட்டால் இது துல்லியமாகத் தெரியும். ஓங்கி வாசித்து ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை.

பாலக்காடு மணி ஐயரின் பேரை இந்த இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். பழையனூரில் 1912-ல் பிறந்தவர். சாத்தபுரம் சுப்பையரிடமும் பிறகு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடமும் கற்றவர். 1966-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான். மைக் வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். அதை முதியவரின் அடம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மைக்கில் தாழ்ந்த சத்தம் மேலே தூக்கப்படும், ஓங்கின சத்தம் தட்டையாகும். கை செய்த ஏற்ற இறக்கம் பாதி காணாமல் போகும். எத்தனை மெல்ல வாசிக்க முடியும் என்பதிலேயே வித்தையைக் காட்டும் கைக்கு அது நஷ்டம். பாட்டுக்கு வாசிப்பது என்று நாம் சொல்வதும் இதன் தொடர்ச்சிதான். பாடகர் மேல் ஸ்தாயியில் நிற்கும்போது கும்கியை (இடந்தலையில் அழுத்தி எழுப்பும் ஒலி) அடக்குவது, சாகித்ய வரி தொடங்கும் இடத்தில் சாப்பை நிறுத்திக்கொள்வது, பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவிக்குப் போகுமுன் அரை ஆவர்த்தனம் (பாதித் தாளச் சுற்று) வெறும் சர்வலகுவாக, கணக்கில்லாத நேர் நடையாக, விடுவது. இத்தனையும் செய்ய முடிகிறவர் செய்யாமல் விட்ட இடத்தையும் ரசிக்கலாம். செய்ய வராதவர் விட்டதை அப்படிச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்றால், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும்போது தெரியும்.

தனியில் கோர்வை (கணக்குப் போட்டு முடிக்கும் சொற்கட்டு) வரும்போது நீங்களும் தாளம் போட்டுக்கொண்டே கேட்பது நல்லது. ஒரு சின்னக் கணக்கு தருகிறேன். ஆதி தாளம், எண்ணிக்கைக்கு 4 மாத்திரையாக ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. ஒரே சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, நடுவில் இரண்டு இடைவெளி விட்டுச் சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கைக்கு, வர வேண்டும். 8 மாத்திரைச் சொற்கட்டும் 4 மாத்திரை இடைவெளியும் வைத்தால் 24-ம் 8-ம் 32. 10 மாத்திரையும் 1 மாத்திரை இடைவெளியும் வைத்தாலும் 32. 6 மாத்திரையும் (‘த தி . கி ண தொம்’) 7 மாத்திரை இடைவெளியும் வைத்தாலும் 32. பார்ப்பதற்கு 10 மாத்திரைதான் பெரிய வேலை. சொல் அதிகம், மூச்சுவிட நேரமில்லை. வாசிப்பவருக்குப் பயம் தருவது 6 மாத்திரைதான். விநாடிக்கு ஓர் எண்ணிக்கை என்றால் 7 மாத்திரை இடைவெளி 1.75 விநாடி. அத்தனை நேரம் கை சும்மா இருக்க வேண்டும். முதல் தடவை சமத்தில் தொடங்கினால் இரண்டாவது தடவை 14-ஆவது மாத்திரையில், அதாவது நடுவிரலால் எண்ணும் நாலாவது எண்ணிக்கை விழுந்து ஒரு மாத்திரை கழிந்த பிறகு, எடுக்க வேண்டும். மூன்றாவது 27-ஆவதில்: கடைசித் துருதத்தின் தட்டு, அதாவது ஏழாவது எண்ணிக்கை, விழுந்து சரியாகப் பாதி எண்ணிக்கை தாண்டி.

தேறாத கை என்ன செய்யும் என்றால், நடுவிரல் எண்ணிக்கையிலேயே பதறி எடுத்துவிடும். எடுத்தது முந்திவிட்டது என்று தெரிந்ததும் மூன்றாவது தடவையை இழுத்து நீட்டிச் சமத்தில் ஒட்டும். சமம் விழுந்துவிட்டதால் சபை கைதட்டிவிடும். ஆனால் மூன்று தடவையும் ஒரே நீளமாக இருந்ததா என்று கேட்டால் இருந்திருக்காது. சமத்தில் வந்து சேர்வது மட்டும் போதும் என்றால் கோர்வை எதற்கு? நடுவில் உள்ள இரண்டு மௌனமும் ஒரே அளவாக இருப்பதில்தான் அதன் அழகு. விரலில் எண்ணிப் பாருங்கள். முதலில் தடுமாறும், நாலைந்து கச்சேரியில் பழகிவிடும்.

சாகசம் என்று நாம் நினைப்பவற்றைப் பற்றியும் கேள்வியின் ஓரத்தில் ஒரு சந்தேகம் தெரிகிறது. ஆந்திரத்துக் குச்சிப்புடியில் தரங்கம் என்ற உருப்படி உண்டு. பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் கால்களை ஊன்றி, தாம்பாளத்தையே தாளத்துக்கு நகர்த்தி ஆடுவது. தலையில் நீர்ச்செம்பு வைத்து ஆடுவதும் உண்டு. இதைக் கழைக்கூத்து என்று தள்ள வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: அதே ஜதியைத் தாம்பாளம் இல்லாமல் ஆடினால் சுத்தமாக இருக்குமா? தாம்பாளத்தில் நிற்கும்போது பாதம் முழுதாகத் தட்ட முடியாது, தாளம் தாம்பாளம் தரையில் உரசும் ஒலியிலும் சலங்கையிலும்தான் வரும். அந்த ஒலி தாளத்தின் மேலேயே விழுந்து, மேலுடம்பில் அபிநயமும் கலையாமல் இருந்தால் தாம்பாளம் வித்தையைக் கூட்டியிருக்கிறது. தாம்பாளம் தன்பாட்டுக்கு நகர, முகத்தில் விழுந்துவிடுவோமோ என்ற கவலை மட்டும் தெரிந்தால் கூட்டவில்லை. கடத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதற்கும் இதே அளவுகோல்தான்: பிடித்த பிறகு வரும் முதல் சொல் சரியான மாத்திரையில் விழுகிறதா?

வேகமோ அங்கசாகசமோ துளியும் இல்லாத அசாத்தியம் ஒன்றும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தோல்பாவைக்கூத்து. ஒற்றப்பாலம், ஷொர்ணூர் வட்டாரத்துப் பகவதி கோயில்களில், 42 அடி நீளக் கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்கேற்றி, கம்பராமாயணப் பாட்டுகளை இரவிரவாகச் சொல்லிப் பொருள் விரிப்பது. 7 இரவு, 14, 21 என்று 71 வரைகூட நடக்கும். பாவையை ஆட்டும் விரல் நேர்த்தி ஒரு பங்குதான். பாட்டு பாட்டாகத் தமிழை மனப்பாடமாக வைத்து, எதிர்ப் புலவர் (உடன் நின்று கூத்து நடத்துபவர்) எழுப்பும் கேள்விக்கு அந்த நிமிஷமே இலக்கணம், புராணம், தர்க்கம் என்று எங்கிருந்தாவது விடை எடுத்துத் தருவது மீதிப் பங்கு. எதிரே திரளான கூட்டம் இருக்காது. பகவதி கேட்கிறாள் என்பதால் ஆள் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டும் குறையாது. கைதட்டலை வைத்து வித்தையை அளக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். பிள்ளையின் கை கலங்குவதாகத் தோன்றும் பல நாளில் கலங்கியிருப்பது தோல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். தோல் சுருங்கிச் சுருதி தானாக ஏறும். ஆனி, ஆடி மழையில் ஈரம் ஏறித் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். மழைக்காலத்தில் வாரை இறுக்கி, காற்றுக்காலம் வரும்போது அப்படியே விட்டால் வலந்தலை கிழியும். காற்று தொடங்கும் முன்பே கொஞ்சம் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வலந்தலையில் சுற்றிலும் சுருதி பார்க்கும் இடங்கள் 16, அவற்றுக்குக் கண் என்று பெயர். சுருதி பார்க்கும்போது ஒரு கண்ணில் தட்டினால் அடுத்து அதன் எதிர்க் கண்ணில் தட்டிப் பார்க்க வேண்டும். வரிசையாகச் சுற்றி வந்தால் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, ‘நம்’ எந்தக் காலத்திலும் நிற்காது. தோலின் ஓரத்துப் பின்னல் வளையமான மூட்டில் மேலிருந்து கல்லால் தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். இடந்தலையில் ரவையை நீர் விட்டுப் பிசைந்து அப்புகிறோம் அல்லவா, அது காற்றுக்காலத்தில் சீக்கிரம் காயும். காயக் காய ‘தொம்’ மேலேறி வறட்டுச் சத்தம் வரும். இடையில் விரல் நனைத்துத் தடவிக்கொள்ளலாம். கும்கி வரவில்லை என்று மணிக்கட்டின் அடியைப் பலமாக அழுத்தும் பிள்ளைகளுக்கு முக்கால்வாசி நேரம் ரவைதான் குறைவாக இருக்கும். கரணை ஓரம் பெயர்ந்து உதிர ஆரம்பித்திருந்தால் சாதகத்தை நிறுத்தி முதலில் கரணையைப் போடுங்கள். அந்த மிருதங்கத்தில் சுத்தமான ‘தின்’ வாசிக்க யாராலும் முடியாது, பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்று வருஷம் கற்ற பிள்ளைக்குக் கோர்வைகளைக் குவிக்க வேண்டாம். ஒரு மோராவும் (முடிப்புச் சொற்கட்டு) ஒரு கோர்வையும் போதும், அவற்றை மூன்று சத்தத்தில் வாசிக்கட்டும்: முழுச் சத்தம், பாதி, பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்திருக்காத அளவு. மூன்றிலும் காலம் மாறக் கூடாது. சத்தம் குறைந்ததும் காலம் தளர்வது, கூடினதும் ஓடுவது என்ற பழக்கம் இந்த வயதில் பிடித்துவிட்டால் விடுவிப்பது பெரும்பாடு. தாளப்பெட்டி ஆப் வைத்திருந்தால் எண்ணிக்கைக்கு எண்ணிக்கை அடிக்க விடாதீர்கள். சமத்தில் மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். நிமிஷத்துக்கு 60 என்றால் 8 விநாடிக்கு ஒருமுறை. நடுவில் உள்ள ஏழு எண்ணிக்கையைப் பிள்ளைதான் சுமக்க வேண்டும். சமத்துக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தால் ஓடுகிறாள், பின்னால் வந்தால் இழுக்கிறாள். எந்தப் பக்கம் தவறுகிறாள் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு குருவிடம் காட்டுங்கள், அவருக்கு அது உதவும்.

மாதம் ஒருமுறை கைபேசியில் பதிவு செய்யுங்கள். கைபேசியை வலந்தலைக்கு எதிரே வைக்கக் கூடாது, சத்தம் தாங்காமல் எல்லாச் சொல்லும் ஒன்றாக நசுங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பதிந்து, பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். இரண்டாவது, நாலாவது சொற்கள் அப்போது இருக்கிறதா இல்லையா என்று பளிச்சென்று தெரியும். அதே பாதி வேகத்தில் உங்களுக்குப் பிடித்த பெரிய வித்வான் ஒருவரின் தனியையும் ஓட்டிப் பாருங்கள். சில தனிகள் அப்படி ஓட்டினாலும் மெதுவான விளம்பகாலத்தில் வாசித்த மாதிரியே பிரிந்து நிற்கும். சிலவற்றில் பாதிச் சொல் காணாமல் போயிருக்கும். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.